பிளாஸ்திரி போட்ட வயர்

ஜூன் 3

தவளைக்கு,

ஏழு மாசம் கழிச்சு எழுதுறேன். நலம் விசாரிக்க இல்ல, ஒரு கேள்வி கேக்க. விலாசம் அம்மாகிட்ட வாங்கினேன். நீ ஏதோ கார் கரண்ட் பட்டறைல சேர்ந்திருக்கன்னு சொன்னாங்க. இதையாவது முழுசா செய்.

என் கார்ல ஆர்.பி.எம். மீட்டர் ஊசி குதிக்குது. நல்லா போயிட்டே இருக்கும், திடீர்னு பூஜ்யத்துல விழும், மறுபடி எழும்பும். இங்க இருக்கிற மெக்கானிக்கிட்ட காட்டினேன். "அந்த மீட்டர் எதுக்கும்மா, சத்தத்தைக் கேட்டு கியர் போடுங்க"ன்னு சொல்லிட்டு, அப்புறம் என் முகத்தைப் பாத்து நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. பாவம், டீ வாங்கிக் கொடுத்தாரு.

மத்தவங்களுக்கு அது அலங்காரம். பதினோரு வயசுல ஜுரத்துல காது போன எனக்கு அந்த ஊசிதான் எஞ்சினோட வாய். 2500 வந்தா மேல கியர், 1800-க்கு இறங்கினா கீழ கியர். ஆறு வருஷமா இப்படித்தான் பரிசோதனைக்கு மண் சாம்பிள் எடுக்க ஊர் ஊரா ஓட்டுறேன். உனக்குத் தெரியும்.

இப்ப ஒரு புது ஆபீசர் வந்திருக்காரு. ரெண்டு நாள் என்கூட கார்ல வந்தாரு. மூணாம் நாள் மேஜைல ஒரு காகிதம். அப்படியே எழுதறேன்: "ஓட்டுநருக்குச் செவித்திறன் இல்லாத காரணத்தால் எஞ்சின் திணறுவதை உணர இயலவில்லை. களப்பணிக்குப் பொருத்தமற்றவர்." ஜூன் 30 அன்னிக்கு அவரும் லைசென்ஸ் இன்ஸ்பெக்டரும் என்கூட மேட்டுப் பண்ணை வரைக்கும் வந்து பாப்பாங்க. அதுவரைக்கும் ரவுண்ட்ஸ் கிடையாது, ஸ்டோர்ல உக்காந்து மண்ணுப் பைக்கு லேபிள் ஒட்டணும். தேறலன்னா ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதேதான்.

வீட்டை விட்டுப் போறதுக்கு மொத நாள் நீதான் டைனமோ மாத்தின. என்ன பண்ணி வச்ச?

அக்கா

---

ஜூன் 7

அக்கா,

எடுத்த எடுப்புலயே "என்ன பண்ணி வச்ச"! ஏழு மாசத்துக்கு அப்புறம் வர்ற லெட்டர் இப்படியா வரும்? மூணு தடவை படிச்சேன், ரெண்டு தடவை கிழிக்கப் போனேன். அந்த ஆபீசர் எழுதினதைப் படிச்சதும் கோவம் அந்தாளு மேல திரும்பிடுச்சு. அதனால பதில் எழுதறேன். உனக்காக இல்ல.

கேளு... படி. பெட்ரோல் வண்டில ஸ்பார்க் அடிக்கிறதை எண்ணி ஊசி ஆடும். உன் வண்டி டீசல், ஸ்பார்க்கே கிடையாது. அதனால டைனமோ சுத்துற வேகத்தை எண்ணி ஊசிக்குச் சொல்ற மாதிரி வச்சிருக்கான். டைனமோ பின்னாடி பாத்தா ஒரு தடி வயர் இருக்கும், அது பேட்டரிக்கு. ஒரு ஒல்லி வயர், சிவப்பு லைட்டுக்கு. இன்னொரு ஒல்லி வயர் இருக்கும் பாரு, அதான் நம்மாளு. அங்கேர்ந்து நேரா டேஷ்போர்டுக்குப் போகும்.

மொதல்ல ஃப்யூஸ் பாரு. பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒழுங்கா இருந்தா ஃப்யூஸ் சரி. ஓடும்போது அந்தச் சிவப்பு சார்ஜ் லைட் எரியலன்னா டைனமோவும் சரி. அப்புறம் உங்க லேப்ல மல்டிமீட்டர் இருக்கும்ல, அதை ஏ.சி. பக்கம் திருப்பு, டி.சி. இல்ல. ஒரு குச்சியை வண்டி பாடில வை, இன்னொண்ணை அந்த ஒல்லி வயர்ல வை. எஞ்சின் ஓடுறப்ப ஏழு எட்டு வோல்ட் காட்டணும். டைனமோகிட்ட காட்டி, மீட்டர் பின்னாடி காட்டலன்னா நடுவுல வயர் போச்சு. கையை ஃபேன் பெல்ட்டுகிட்ட கொண்டு போகாத, துப்பட்டாவைக் கழட்டி வச்சிட்டுக் குனி.

நான் மாத்துனதுல தப்பே இருக்காது. எழுதி வச்சுக்க. எலி. உன் ஷெட்ல எலி இருக்கு, நானே பாத்திருக்கேன். எலிதான் கடிச்சிருக்கும்.

"இதையாவது முழுசா செய்"யாம். இங்க வந்து ஆறு மாசத்துல முப்பத்தோரு ஸ்டார்ட்டர் மோட்டார் பிரிச்சிருக்கேன். எல்லாத்தையும் திருப்பி மாட்டியும் இருக்கேன்.

தவளை

---

ஜூன் 11

தவளைக்கு,

எலியைப் பிடிச்சிட்டேன். ரொம்பக் கெட்டிக்கார எலி. வயரை முறுக்கி ஒட்டுப்போட்டு அது மேல காயத்துக்குப் போடுற பிளாஸ்திரியைச் சுத்தி வச்சிருக்கு.

நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். டைனமோகிட்ட 7.6. மீட்டர் பின்னாடி வந்தா ஒரு சமயம் 7.6, ஒரு சமயம் ஒண்ணுமே இல்ல. வயரைத் தடவிக்கிட்டே போனேன். பேட்டரிக்குக் கீழ, கண்ணுக்குத் தெரியாத இடத்துல அந்தப் பிளாஸ்திரி. இன்சுலேஷன் டேப் வாங்க கடைக்குப் போகச் சோம்பல், இல்லையா? நடுவுல மருந்து வைக்கிற அந்தப் பஞ்சு கூட அப்படியே இருக்குடி. வயருக்கு வலிக்கும்னா?

பிளாஸ்திரியைப் பிரிச்சேன். உள்ள ரெண்டு முனையும் பச்சையாப் பாசி பிடிச்சுக் கிடக்கு. தொட்டதும் பிரிஞ்சுக்கிச்சு.

நீ கல்லூரியைக் கடைசி வருஷத்துல விட்டப்ப எனக்கு வந்த கோவம் இதுதான், தவளை. எதைத் தொட்டாலும் ஓடற அளவுக்குப் பண்ணிட்டுத் தாவிடற. பாட்டு கிளாஸ், டைப்பிங், இன்ஜினியரிங், இப்ப என் வயர்.

கேக்கணும்னு ஒரு விஷயம் இருக்கு. அன்னிக்குச் சாயங்காலம் சமையலறைல சண்டை போட்டோமே. நான் "உன்னால எதையும் முடிக்க முடியாது"ன்னதும் நீ சுவத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு ஏதோ பேசின. உன் வாயைப் பாத்தாத்தான் நீ என்ன சொல்றன்னு எனக்குப் புரியும்னு தெரிஞ்சே திருப்பிக்கிட்ட. உன் தோள் ஆடினது மட்டும்தான் தெரிஞ்சுது. ரொம்ப நேரம் பேசின. ஏழு மாசமா யோசிக்கிறேன், அப்படி என்னதான் திட்டினன்னு.

வயரை எப்படி ஒட்டணும்னு எழுது. பத்தொம்பது நாள்தான் இருக்கு.

அக்கா

---

ஜூன் 14

அக்கா,

சரி. எலி நான்தான்.

லெட்டரைப் படிக்கும்போது முதலாளி எதிர்ல நின்னாரு. "என்னம்மா, முகம் பேட்டரி இறங்கின மாதிரி இருக்கு?"ன்னாரு. பிளாஸ்திரி கதையைச் சொன்னேன். மனுஷன் சிரிச்ச சிரிப்புல மூக்குக் கண்ணாடி ஆசிட் வாளில விழுந்துடுச்சு. இப்ப பட்டறை முழுக்க என் பேரு கம்பவுண்டர்.

ஒட்டற விதம்: பச்சை பிடிச்ச ரெண்டு முனையையும் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி எறி. தோலை உரிச்சா உள்ள செம்பு மின்னணும். மின்னலன்னா இன்னும் வெட்டு. நீளம் பத்தாது, நடுவுல புது வயர் ஒரு சாண் சேரு. முறுக்கறதோட நிறுத்தாம ஈயம் வச்சு சால்டர் பண்ணு. உங்க லேப்ல யார்கிட்டயாவது சால்டரிங் கட்டை இருக்கும். செம்பைச் சூடு பண்ணு, ஈயத்தைச் சூடு பண்ணாத. செம்பு சூடானா ஈயம் தானா ஓடிப் போய் ஒட்டிக்கும். அது மேல ரப்பர் குழாய், அது மேல டேப். டேப், அக்கா. பேட்டரியை விட்டுத் தள்ளிக் கட்டு.

மாட்டி முடிச்சதும் வண்டியை சும்மா ஓடவிட்டு சத்தத்தைக் கேளு. எஞ்சின் நிதானமா இருக்கறப்ப ஊசி 800 பக்கம் நிக்கணும்.

நான் வேணா லீவு போட்டு வரேன். ரெண்டு பஸ் மாறணும், அவ்வளவுதான்.

அன்னிக்கு சொன்னதை விடு. பழசு.

தவளை

---

ஜூன் 18

தவளைக்கு,

எந்தக் காதால கேக்கணும்?

இருபத்தி ரெண்டு வருஷம் அக்கா தங்கச்சியா இருக்கோம். "சத்தத்தைக் கேளு"ன்னு எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, நக்கி மூடி, பெட்டில போட்டிருக்க. நான் படிச்சிட்டு ஸ்டோர்ல தனியா உக்காந்து சிரிச்சேன். அந்த மெக்கானிக்காவது டீ வாங்கிக் கொடுத்தாரு.

நீ வர வேணாம். எனக்கும் ரெண்டு கை இருக்கு. சால்டர் பண்ணிட்டேன். மொத ரெண்டு ஒட்டு உருண்டை உருண்டையா வந்துச்சு, வெட்டி எறிஞ்சேன். மூணாவது மின்னிச்சு. ஊசி இப்ப குதிக்கல. கல்லு மாதிரி நிக்குது.

சந்தோஷமா அடுத்த நாளே மேட்டுப் பண்ணைக்கு எடுத்துட்டுப் போனேன். இப்பதான் நிஜமான பிரச்சினை. ஊசி 2500 காட்டுது, நான் கியர் மாத்துறேன், ஏத்தத்துல சீட்டு நடுங்குது. ஸ்டீயரிங் வழியா உள்ளங்கைக்கு நடுக்கம் வருது. இந்த நடுக்கம் எனக்குப் பழசு. ஏழு மாசமாவே இருக்கு. ரோடு மோசம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஊசி சரியா காட்டும்போது உள்ளங்கை தப்பாத்தான் சொல்லுதுன்னு நானே முடிவு பண்ணியிருக்கேன்.

அப்புறம் என் பழைய ரவுண்ட்ஸ் நோட்டை எடுத்தேன். நான் எல்லாத்தையும் எழுதி வைக்கிறேன்னு நீ கிண்டல் பண்ணுவியே, அந்த நோட்டு. ரெண்டு வருஷம் முன்னாடி எழுதியிருக்கேன்: டாப் கியர், வேகம் 60, ஊசி 2000. நேத்து அதே ரோடு, டாப் கியர், வேகம் 60. ஊசி 2600.

கார் அதே கார். கியர் அதே கியர். அப்ப ஊசி பொய் சொல்லுது.

நீ கழட்டின பழைய டைனமோ ஷெட்ல கிடந்துச்சு. பெல்ட் ஓடுற அந்தச் சக்கரத்தை, புல்லியை, லேப் காலிப்பரால அளந்தேன். பழசு 78 மில்லிமீட்டர். இப்ப வண்டில இருக்கறது 60. எழுபத்தெட்டை அறுபதால வகுத்தா 1.3. ரெண்டாயிரத்தை 1.3-ஆல பெருக்கினா 2600.

சின்ன சக்கரம் வேகமா சுத்தும். டைனமோ வேகமா சுத்தினா ஊசி அதிகமா காட்டும். அது 2500-ங்கும்போது எஞ்சின் நிஜத்துல 1900 சொச்சத்துல முனகிக்கிட்டு இருந்திருக்கு. நான் அதுக்கு மேல கியர் போட்டு அழ விட்டிருக்கேன். அந்த ஆபீசர் எழுதினது பொய்யில்ல, தவளை. வண்டி திணறியிருக்கு. அதுக்குக் காரணம் என் காது இல்ல, அவ்வளவுதான்.

ஒரே கேள்வி. புல்லி சின்னதுன்னு உனக்குத் தெரியுமா?

அக்கா

---

ஜூன் 21

அக்கா,

தெரியும்.

மாட்டினப்பவே தெரியும். அந்தக் கடைல அந்த ஒரு டைனமோதான் இருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணதும் சத்தம் ஒண்ணு சொல்லுது, ஊசி வேற சொல்லுது. மெதுவா ஓடற எஞ்சினுக்கு 1050 காட்டுச்சு. உள்ள வந்து உன்கிட்ட சொல்லலாம்னு சமையலறைக்கு வந்தேன். நீ கையில காலேஜ் லெட்டரை வச்சுக்கிட்டு நின்ன.

அன்னிக்கு சுவத்தைப் பாத்து என்ன சொன்னேன்னு கேட்டல்ல. மொதல்ல திட்டினேன், ஒத்துக்கறேன், ரெண்டு மூணு வார்த்தை. அப்புறம் சொன்னது இதுதான்: "புது டைனமோல புல்லி சின்னது. ஊசி இனிமே அதிகமா காட்டும். மீட்டர் பின்னாடி ஒரு ஸ்க்ரூ இருக்கு, நாளைக்கு அதைத் திருப்பி சரி பண்ணித் தரேன், அதுவரைக்கும் ஊசியை நம்பாத."

சத்தியமா, அக்கா. அவ்வளவையும் சொன்னேன். சுவத்துகிட்ட சொன்னேன். மறுநாள் காலைல கிளம்பிட்டேன். ஏழு மாசமா "நான்தான் சொன்னேனே"ன்னு மனசுல நினைச்சுக்கிட்டு நிம்மதியா தூங்கியிருக்கேன். உன் லெட்டர்ல "தோள் ஆடினது மட்டும்தான் தெரிஞ்சுது"ன்னு படிச்சப்பதான் செவுள்ல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அதனாலதான் "பழசு, விடு"ன்னு எழுதினேன். பயந்துட்டேன்.

நேத்து மதியம் ஒரு காரியம் பண்ணேன். ரெண்டு காதுலயும் பஞ்சு அடைச்சு, மேல துணியைக் கட்டிக்கிட்டு, பட்டறை வேனை எடுத்துட்டு மைதானத்தைச் சுத்தினேன். அந்த வேன்ல ஆர்.பி.எம். மீட்டரே கிடையாது. எப்ப கியர் மாத்துறதுன்னே தெரியல. ரெண்டு தடவை ஆஃப் ஆச்சு. ஒரு தடவை ரெண்டாவது கியர்லயே மிதிச்சு மிதிச்சு ஓட்டியிருக்கேன், முதலாளி கையை ஆட்டிக்கிட்டு பின்னாடியே ஓடி வந்திருக்காரு, எனக்குத் தெரியவே இல்ல. அஞ்சு நிமிஷம்தான். வேர்த்துக் கொட்டிடுச்சு. இதுல பொய் சொல்ற ஊசி வேற இருந்திருந்தா?

மன்னிச்சுடு. எழுதிட்டேன், அடிச்சு அழிக்க மாட்டேன்.

இப்ப வேலை. பழைய புல்லி புது டைனமோ தண்டுல ஏறாது, முயற்சி பண்ணாத. மீட்டரை வெளில இழு. பின்னாடி ஒரு சின்ன ஓட்டை, ரப்பர் மூடி போட்டிருக்கும். உள்ள ஒரு குட்டி ஸ்க்ரூ. மூக்குக் கண்ணாடிக்குப் போடற ஸ்க்ரூ டிரைவர் வேணும். அதைத் திருப்பினா ஊசி ஏறும், இறங்கும். நாங்க காதால கேட்டுத் திருப்புவோம். நீ எப்படித் திருப்புவன்னு எனக்குத் தெரியல. நிஜமாவே தெரியல. உனக்குத் தெரியும்னு மட்டும் தெரியும்.

தவளை

---

ஜூன் 25

தவளைக்கு,

நோட்டுலயே பதில் இருந்துச்சு. டாப் கியர்ல அறுபதுன்னா ரெண்டாயிரம். ஸ்பீடோமீட்டரையும் சந்தேகப்பட்டுட்டேன். கூடப் பொறந்தவளையே நம்ப முடியல, மீட்டரை எப்படி நம்பறது? அதனால ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை வச்சு அளந்தேன். ஒரு கல்லுலேர்ந்து அடுத்த கல்லுக்குச் சரியா அறுபது செகண்ட்ல போனா வேகம் அறுபது. கல்லு பொய் சொல்லாது.

ஸ்டோர் வாட்ச்மேனைப் பக்கத்துல உக்கார வச்சேன். கையில கடிகாரம். கல்லைத் தாண்டும்போது என் தோள்ல ஒரு தட்டு தட்டணும், அதான் அவர் வேலை. அவர் ஒவ்வொரு தட்டுக்கும் வாயைப் பெருசா திறந்து கத்தியிருக்காரு, ஆர்வத்துல. திரும்பிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. "அண்ணே, தட்டினா போதும்"னேன். "பழக்கம்மா"ன்னாரு.

மீட்டர் என் மடில வயரோட தொங்கிக்கிட்டு இருந்துச்சு. போய், நிறுத்தி, மயிரிழை திருப்பி, திரும்பி வந்து, மறுபடி. மொத தடவை வேற பக்கம் திருப்பிட்டேன், மூவாயிரத்துக்குப் போயிடுச்சு. எட்டாவது தடவை அறுபது செகண்டும் ரெண்டாயிரமும் ஒண்ணா வந்து நின்னுச்சு. வாட்ச்மேன் தோளைத் தட்டறதுக்குப் பதிலா முதுகுல அறைஞ்சாரு.

வண்டியை சும்மா ஓடவிட்டுப் பாத்தேன். ஊசி 800. பேனட்டுல உள்ளங்கையை வச்சேன். ஏழு மாசத்துல மொத தடவையா என் கையும் ஊசியும் ஒண்ணையே சொல்லுதுங்க.

திட்டினதைப் பத்தி: அந்த ரெண்டு மூணு வார்த்தை என்னன்னு நேர்ல வந்து, என் முகத்தைப் பாத்து சொல்லு. நானும் பதிலுக்கு ரெண்டு வச்சிருக்கேன்.

அக்கா

---

ஜூலை 1

அடியே தவளை,

தூங்கிட்டாருடி!

இரு, மொதல்லேர்ந்து சொல்றேன். நேத்து காலைல ஒம்பது மணி. இன்ஸ்பெக்டர் முன்னாடி சீட்டு, ஆபீசர் பின்னாடி, மடில ஃபைல், கைல பேனா. கிளம்பறதுக்கு முன்னாடி ஆபீசர் இன்ஸ்பெக்டர்கிட்ட ஏதோ சொன்னாரு. நான் கண்ணாடில அவர் வாயைப் படிச்சேன்: "மூணாவது வளைவைத் தாண்ட மாட்டாங்க, பாருங்க." காது கேக்காதவங்க முன்னாடி என்ன வேணா பேசலாம்னு நினைச்சிருக்காரு. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வச்சுக்கிட்டேன், இன்னும் தெளிவாத் தெரியட்டும்னு.

மொத வளைவு. ஊசி 1800-க்கு இறங்குச்சு, மூணாவது கியர். நடுக்கம் இல்ல. ரெண்டாவது வளைவுல எதிர்ல லாரி, நிறுத்தி, ஏத்தத்துல மறுபடி எடுத்தேன். ஒரு இஞ்ச் பின்னாடி போகல. மூணாவது வளைவு. அதான் செங்குத்து. ரெண்டாவது கியர், ஊசி 2300-ல நிக்குது, வண்டி வெண்ணெய்ல கத்தி மாதிரி ஏறுது. ஜெயிச்சிட்டேன்னு அங்கயே தெரிஞ்சுது. ஆபீசர் முகம் எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு கண்ணாடியைப் பாத்தேன்.

தலை ஜன்னல்ல சாஞ்சிருக்கு. வாய் திறந்திருக்கு. பேனா கீழ கிடக்கு. திணறுற வண்டில எவனாவது தூங்குவானா?

இன்ஸ்பெக்டரும் திரும்பிப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. விரலை உதட்டுல வச்சு "எழுப்பாதீங்க"ன்னு சைகை காட்டினாரு. மேட்டுப் பண்ணைக்குப் போய், திருப்பி, இறங்கி, ஆபீஸ் வாசல்ல நிறுத்தற வரைக்கும் அந்தாளு முழிக்கல. இன்ஸ்பெக்டர் எழுப்பி, ஃபைலை வாங்கி, அவர் மடிலயே வச்சு ஒரு வரி எழுதினாரு. அப்படியே எழுதறேன்: "உடன் பயணித்த அதிகாரி உறங்கும் அளவிற்கு வாகனம் சீராக இயக்கப்பட்டது. களப்பணிக்கு முழுத் தகுதி." கீழ ஆபீசரும் கையெழுத்துப் போட்டாரு. போடாம என்ன பண்ணுவாரு, கன்னத்துல ஜன்னல் ரப்பர் தடம் பதிஞ்சிருக்கு!

நாளைலேர்ந்து மறுபடி ரவுண்ட்ஸ். ஸ்டோர் லேபிளை வேற யாராவது ஒட்டட்டும்.

இதோட உன் பிளாஸ்திரியை வச்சு அனுப்பறேன், பச்சைக் கறையோட. இவ்வளவு நாள் டேஷ்போர்டுலயே வச்சிருந்தேன். எடுத்துக்க. இனிமே எதை மூடினாலும் எனக்கு ஒரு வரி எழுதிட்டு மூடு.

"உன்னால எதையும் முடிக்க முடியாது"ன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். முழுசா இல்ல, முக்கால்வாசி. மீதியை வந்து வாங்கிக்க.

அக்கா

---

ஜூலை 5

அக்கா!

லெட்டரைப் பட்டறைக்கு நடுவுல நின்னு சத்தமாப் படிச்சேன். "தூங்கிட்டாருடி"ங்கற இடத்துல முதலாளி ஸ்பானரைத் தூக்கிப் போட்டுக் கை தட்டினாரு. மறுபடி படின்னாரு. கஸ்டமர் ஒருத்தர் ஹார்ன் ரிப்பேருக்கு வந்தவரு, அவரும் உக்காந்து முழுசாக் கேட்டுட்டு, ரிப்பேரை மறந்துட்டுப் போயிட்டாரு.

உன் போன லெட்டர் வந்தப்பவே அந்தக் கல்லு, கடிகாரம், டாப் கியர் கணக்கை முதலாளிக்கு வரைஞ்சு காட்டினேன். காகிதத்தைக் கையில வாங்கிக்கிட்டாரு. "நாப்பது வருஷமா காதால திருப்பிக்கிட்டிருக்கேன், நூறு இருநூறு முன்னப்பின்னதான் வரும்"னாரு. அன்னிலேர்ந்து எங்க பட்டறைல மீட்டர் வேலை எல்லாம் என் கையில. கல்லு வச்சுத்தான் திருப்பறேன். டீசல் வண்டிக்காரங்க பக்கத்து ஊர்லேர்ந்தெல்லாம் வர ஆரம்பிச்சிருக்காங்க. ஒவ்வொரு வண்டியும் முடிஞ்சதும் ஒரு நோட்டுல எழுதறேன். சிரிக்காத.

அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். ரெண்டாவது பஸ்ஸு பத்து மணிக்கு வருது. காரை எடுத்துட்டு வா. நீதான் ஓட்டற, நான் பின் சீட்டுல தூங்கறேன். எழுந்ததும் திட்டறதெல்லாம் முகத்தைப் பாத்தே திட்டறேன்.

பிளாஸ்திரி வந்து சேர்ந்துச்சு. என் மேஜைக்கு மேல சுவத்துல ஆணி அடிச்சு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிட்டேன். ஹார்ன் கஸ்டமர் இன்னிக்குத் திரும்பி வந்தாரு, அதைக் கிட்டப் போய் உத்துப் பாத்தாரு.

"என்னம்மா இது?"

"என் டிகிரி சர்டிபிகேட் சார்"னேன்.

தவளை